மெயின் அப்ளிகன்ட்

கிள்ளானிலிருந்து வந்த கொமுட்டர் ரயிலில் எனக்கு எதிரே ஒரு பையனும் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். படிப்பு முடித்து இரண்டொரு வருடம் ஆகியிருக்கலாம். அவன் கேட்ட கேள்வியில்தான் நான் போனை விட்டு நிமிர்ந்தேன்.

“அப்ப நான்தான் உனக்கு டிபெண்டன்ட்டா?”

“ஆமா லா. ஆஸ்திரேலியாவுல நர்ஸ் வேல எனக்குத்தானே கிடைச்சிருக்கு. விசாவுல நான் மெயின் அப்ளிகன்ட், நீ டிபெண்டன்ட்.”

“வேணாம், நான் ஸ்டூடன்ட் விசாவுல வரேன். மாஸ்டர்ஸ் படிக்கிறேன்.”

“இருக்கிற மார்க்கெட்டிங் டிகிரியே சும்மாதான் கிடக்கு.”

“அப்ப ஒர்க்கிங் ஹாலிடே விசா? தோட்டத்துல பழம் பறிக்கலாம்.”

“நீயா? வீட்டு ரம்புத்தான் மரத்துல எறும்பைப் பாத்தாலே ஓடுற ஆளு! அந்த விசா முடிஞ்சா நீ திரும்பி வந்துடுவ. நான் அங்க தனியா என்ன பண்றது?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அதன்பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் மெதுவாகக் கேட்டான்.

“டிபெண்டன்ட்டா வரணும்னா கல்யாணம் பண்ணியிருக்கணுமே?”

“அதைத்தானே ஷா ஆலாம் ஸ்டேஷன்லேருந்து சொல்லிட்டு வரேன்!”

அவன் அவளையே பார்த்தான். பிறகு போனை எடுத்து அம்மாவை அழைத்தான்.

“அம்மா, நான் ஆஸ்திரேலியா போறேன். ஆமாம்மா, வேல கிடைச்சிருச்சு. எனக்கில்ல, உங்க மருமகளுக்கு.”

பெண் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அப்புறம் அந்த அம்மாவின் குரல் எனக்கே தெளிவாகக் கேட்டது.

“யாருடா அது? பக்கத்துல இருந்தா போனை அவகிட்ட குடு!”