ஓரத்தில் அள்ளிய மா

— பிரிப்பான் நூற்றுக்கு ஐம்பத்திரண்டுதான் பிரிக்குது எண்டு எழுதினால் ஆர் நம்புவினம், பிரியந்தினி? போன வருச றிப்போட்டிலை தொண்ணூற்றொண்டு.

— நம்பவேண்டாம், செல்வரட்ணம் சேர். அரிதட்டு அங்கை கிடக்கு. நீங்களே அரிச்சுப் பாருங்கோ.

— உந்த வாய்! நான் மனேச்சரா வந்து ரெண்டு மாசம். அதுக்குள்ளை பிரிப்பான் பழுது எண்டு மேலை சொல்லவோ? மா குறைஞ்சதுக்குக் காரணம் அரைக்கிற ட்றம் ஓட்டுற ஜெறோம். அவனை வேலையாலை நிப்பாட்டுற கடிதமும் அடிச்சாச்சு.

— ஜெறோம் அண்ணை ஒழுங்காத்தான் அரைக்கிறார். அரைச்ச சுண்ணாம்புக்கல்லு பிரிப்பானுக்குள்ளை போனால், நைஸ் மா காத்தோடை மேலை போய்ச் சாக்குக்கு வரவேணும். குறுணல் மட்டும் திரும்ப ட்றம்முக்கு விழவேணும்.

— எனக்குப் பாடம் எடுக்காதையும், பிள்ளை.

— நூறு கிலோ நைஸ் மா உள்ளை போனால் ஐம்பத்திரண்டுதான் சாக்குக்கு வருது. மிச்சம் குறுணலோடை திரும்பி விழுது. அரைச்சதையே அந்த மனுசன் திரும்பத் திரும்ப அரைக்கிறார்.

— சாக்கிலை இருக்கிறதைத் தொட்டுப் பாரும். முகத்துக்குப் பூசலாம்.

— சாக்கை மட்டும் பாத்தால் எல்லா மிசினும் நல்ல மிசின்தான். திரும்பி விழுறதை ஆர் பாத்தது?

— போன வருசம் பாத்திருக்கினமே! உள்ளை போறது, சாக்குக்கு வாறது, திரும்பி விழுறது, மூண்டும் அரிச்சு எழுதியிருக்கு. கையெழுத்துத்தான் கோழி கிண்டின மாதிரி, பேர் விளங்கேல்லை. ஆனா வேலை தெரிஞ்ச ஆள்.

— வேலை தெரியாத ஆள். திரும்பி விழுறதை முத்தத்திலை கொட்டிப்போட்டு, குவியலின்ரை ஓரத்திலை அள்ளியிருக்கு.

— எங்கை அள்ளினால் என்ன?

— கொட்டேக்கை பெருசெல்லாம் உருண்டு ஓரத்துக்கு வந்திடும். நைஸ் நடுவிலை தங்கிடும். ஓரத்திலை அள்ளினால் வெறும் குறுணல்தான் கைக்கு வரும், பிரிப்பான் தங்கம் எண்டு காட்டும். நான் இந்தமுறை விழுற வாயிலையே தட்டைப் பிடிச்சு, இந்தக் கரையிலையிருந்து அந்தக் கரைமட்டும் இழுத்து எடுத்தனான். பத்து நிமிசத்துக்கு ஒருக்கா, நாள் முழுக்க. தலையைப் பாருங்கோ, மா படிஞ்சு கிழவி மாதிரி.

— நீரும் ஜெறோமும் குருநகர் ஆக்கள். ஒரே கோயில். அதுதானே இந்தச் சண்டித்தனம்?

— ஓம், ஒரே கோயில்தான். எனக்கு முன்வாங்கிலை இருக்கிறவர். இந்த ஞாயிறு அவற்றை முதுகைப் பாத்துக்கொண்டு என்னாலை பூசை காணேலாமல் போச்சு.

— அதை விடும். ஓரத்திலை அள்ளினது உமக்கெப்பிடித் தெரியும்? பக்கத்திலை நிண்டு பாத்தனீரே?

— நடுவிலை வெயில். ஓரத்திலை வேம்பு நிழல். நிழலிலை நிண்டு அள்ளினது நான்தான், சேர்.

— நீரோ?

— கோழி கிண்டினதும் என்ரை கைதான்.

— ஆருக்கும் சொன்னனீரே?

— இந்தக் கந்தோரிலை இல்லை.

— அப்ப வாயை மூடும். எனக்கும் தெரியாது, உமக்கும் தெரியாது. உம்மடை வேலை தப்பும். கடிதத்தை ஜெறோமிட்டைக் குடுத்து அனுப்புவம்.

— ஏலாது. காலமையே தலைமைக் கந்தோருக்கு எழுதிப்போட்டன். ஐம்பத்திரண்டையும், போன வருசத்துப் பிழை என்ரை எண்டதையும்.

— விசரே உமக்கு? உம்மைத்தான் வேலையாலை கலைப்பினம்!

— கலைக்கட்டும். ஜெறோம் அண்ணை கதவடியிலை நிக்கிறார். அவரை உள்ளை வரச் சொல்லிப்போட்டு, நான் அவரோடை கதைச்சு முடியுமட்டும், நீங்கள் கொஞ்சம் வெளியிலை நிப்பீங்களே, சேர்?