டிரைவர் போன இடம்

— முதுகுத்தண்டுல கடப்பாரைய நட்டு ஆட்டுற மாதிரி வலிக்குது, தங்கச்சி. கையும் நிக்க மாட்டேங்குது.

— எட்டு மணிக்கு வந்து உங்க அளவு சாராயத்த வாங்கியிருந்தா நின்னிருக்கும். எல்லாரும் வாங்கிக் குடிச்சுட்டுப் போயாச்சு, நீங்கதான் கடைசி. இந்தாங்க மேஸ்திரியண்ணே, குடிங்க. அடுத்தது பன்னெண்டு மணிக்கு. சரியா?

— வேணாம். பாட்டில்லயே திருப்பி ஊத்திட்டு அலமாரியப் பூட்டு. இன்னியோட விட்டேன்.

— என்ன திடீர்னு?

— ஞாயித்துக்கெழமை எம் மக வர்றா. கூட்டிட்டுப் போறாளாம். மாடியில ஒரு ரூம் இருக்காம், ஜன்னலோட. பேத்திக்கு ஆறு வயசாகுது, நான் இன்னும் பாத்ததில்ல. கேட்டுக்க, வாசனை ஒரு பொட்டு வந்தாலும் இந்தக் குடிகாரங்க இல்லத்துலயே விட்டுட்டுப் போயிடுவேன்னா.

— இன்னிக்கு வியாழன்.

— மூணு நாள் இருக்குல்ல?

— இருபது வருஷமா அதுலயே ஊறுன உடம்பு அண்ணே. பட்டுன்னு நிறுத்தக் கூடாது. அளவக் கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சு ஊத்துறேன். ஆறு வாரம். சரியா?

— சரியில்ல. காத்திருந்து காத்திருந்து சலிச்ச பிள்ள அவ. ஆறு வாரம்னு சொன்னா போனையே எடுக்க மாட்டா. ஏன், டிரைவர் நிறுத்தலையா?

— எந்த டிரைவர்?

— எந்த டிரைவரா! இந்த இல்லம் பழைய கெடங்குல இருந்தப்ப, காலையில வாயாலயே ஆரன் அடிச்சு எழுப்புவானே!

— தட்ட ஸ்டியரிங் மாதிரி புடிச்சுக்கிட்டு டீ வரிசைக்கு வருவார். முன்னாடி நிக்கிறவங்க வெலகலைன்னா மறுபடியும் ஆரன்.

— ஆ, சிரிக்கிறா பாரு! அப்ப நீ வார்டனா? தரை தொடைக்க வந்தவ. கேட்டுக்க, நீ தொடைச்ச ஈரத்துல அவன் ஒருத்தனையும் மிதிக்க விடல. 'ரோடு வேலை நடக்குது, சுத்திப் போ'ன்னு எங்க எல்லாரையும் ஜன்னல் வழியா ஏற விட்டான்.

— நீங்க பாதியில மாட்டிக்கிட்டீங்க.

— தலை உள்ள, மத்ததெல்லாம் வெளிய. நாலு பேர் சேந்து இழுத்ததுல சட்டமே கையோட வந்துருச்சு. அத நாந்தான் கலவை போட்டு, ரசமட்டம் புடிச்சுத் திரும்ப வெச்சேன். எட்டுக் கட்டிலு, ஒரே குழாய், மழை வந்தா கட்டில இழுத்துக்கிட்டு ஓடணும். ஆனா இந்தப் புதுக் கட்டடத்துல அந்தச் சிரிப்பு ஒரு நாள் கேட்டிருக்கியா?

— கேக்கல அண்ணே.

— அவன் மகன் சேத்துக்கிறேன்னு சொன்னதும் நிறுத்தினான். மூணே நாள். நாலாம் நாள் ஆளையே காணோம். மகன் வந்து கூட்டிட்டுப் போயிட்டான்னு நீதான் சொன்ன. அவனால முடியும், என்னால முடியாதா?

— இத மொதல்ல குடிங்க அண்ணே. வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு.

— பேச்ச மாத்தாத.

— மகன் வரல.

— என்னது?

— வார்டன் அந்த வாரம் லீவு. அலமாரிச் சாவி எங்கிட்ட. டிரைவர் வந்து, 'எனக்கு ஊத்தாதம்மா, கால்ல விழுந்தாலும் ஊத்தாத'ன்னார். எனக்கு ஒரே சந்தோஷம். உங்க பக்கத்துல படுத்தா சபலம் வரும்னு பின்னாடி சாமான் ரூம்ல பாய் போட்டுக் கொடுத்தேன். நல்லது பண்றதா நெனப்பு. ரெண்டாம் நாள் சுவத்துல எறும்பு ஊருதுன்னு தட்டிக்கிட்டே இருந்தார். நாலாம் நாள் விடியுறதுக்குள்ள, நீங்கல்லாம் தூங்கிட்டிருந்தப்ப வலிப்பு. ஆஸ்பத்திரியில எறக்கும்போதே உயிர் இல்ல. ஒரேயடியா நிறுத்தினதாலதான்னு டாக்டர் சொன்னார்.

— எங்ககிட்ட ஏன் மறைச்ச?

— திரும்பி வந்தேன். நீங்க ஏழு பேரும் வாசல்ல உக்காந்து, 'டிரைவர் போயிட்டானா, மகன் வந்தானா'ன்னு ஆசையா கேட்டீங்க. ஆமான்னுட்டேன். ஒருத்தராவது இங்கேருந்து பொழைச்சுப் போனார்னு இருக்கட்டுமேன்னு. அந்தப் பொய்ய நம்பித்தான் இன்னிக்கு நீங்க கிளாஸத் தள்ளுறீங்க.

— அடிப்பாவி.

— குடிச்சுட்டுத் திட்டுங்க. உங்க மககிட்ட நான் பேசுறேன். டாக்டரையும் பேச வெக்கிறேன்.

— அவ நம்பலைன்னா?

— நம்பலைன்னா, ஏழாவது வாரம் நானே கூட்டிக்கிட்டுப் போய் அவ வீட்டுக் கதவத் தட்டுறேன். தொறக்குற வரைக்கும் தட்டுறேன்.

— கிளாஸ நீயே புடி. எங் கை சிந்திரும்.

— மெதுவா. இன்னும் ஒரு வாய். அவ்வளவுதான்.

— சாகும்போது பக்கத்துல யாரு?

— நான் மட்டும்.

— அவன் மகனுக்குச் சொன்னியா?

— போன் போட்டேன். எடுத்த எடுப்புல, 'குடிச்சுத்தான செத்தாரு?'ன்னான். சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னு கேப்பாங்களே, வேலை போயிடுமேன்னு பயம். ஆமான்னு சொல்லிட்டேன். அடக்கத்துக்குக்கூட வரல.

— அந்த நம்பர வெச்சிருக்கியா?

— ஒம்பது வருஷமா வெச்சிருக்கேன். உனக்காகத்தான் உங்கப்பா மூணு நாள் ஒரு சொட்டுக்கூடத் தொடாம செத்தார்னு அவன்கிட்ட சொல்லணும். அந்தக் கடன நான் இன்னும் அடைக்கல அண்ணே.