பீலி இல்லாத வடக்குச் சுவர்

அவைக்குத் தலைமை தாங்கி அழகு சேர்க்கும் நாகேஸ்வரி அம்மையார் அவர்களே, வேலைக் களைப்பையும் மறந்து வந்தமர்ந்திருக்கும் பெரியோர்களே, பேரன்பு கொண்ட தாய்மார்களே, இந்த ஸ்ட்ராத்ஃபீல்ட் மண்டபத்தில் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

பழங்கட்டடங்களைப் பழுதுபார்க்கும் பொறியியலாளர் நான். சென்ற ஆண்டு இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றுக்கு, எண்ணூறு வயதான தேவாலயத்தின் ஈரம் ஊறிய வடக்குச் சுவரைக் காக்க அனுப்பப்பட்டேன். மூன்றடிக் கனத்தில் கல்லும் சுண்ணாம்பும் கலந்த சுவர். மேற்கே மணிக்கோபுரம். தெற்கே வளைந்த வாசல், அந்த வளைவெங்கும் வாய் பிளந்த கல்முகங்கள். மன்னன் கட்டினானா? மாளிகைக்காரன் கட்டினானா? மண்ணை உழுதவன் கட்டினான். தெற்குக் கூரையின் மழைநீரைச் சுவரடியில் விழாமல் ஏந்திக் கொண்டுபோக, விளிம்பு நெடுக ஈயப் பீலி இருந்தது. வடக்குக் கூரைக்கு எவருமே பீலி வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை? நான் கேட்கவில்லை. படித்த திமிர். பீலியைப் போட்டேன்.

மறுநாள் பகலில் மழை. நான் உள்ளே நின்றேன். வடக்குச் சுவரை வெளியிலிருந்து தட்டினார்கள். மெல்லத் தட்டினார்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தட்டினார்கள். ஓடிப்போய்ப் பார்த்தேன், ஒருவருமில்லை. உள்ளே வந்தேன், சுவர் நெடுகத் தட்டல்.

முன்வரிசையில் நித்தியானந்தன் அங்கிள், "பேயோ பிள்ளை?" என்கிறார். பொறுங்கள் அங்கிள், எனக்கும் அதே நினைப்புத்தான்.

ஆலயத்தின் திறப்புக் கொத்தை வைத்திருக்கும் மார்கரெட் அம்மையார் வாசலில் நின்றார். "பீலி போட்டுவிட்டாயா, மகளே? ஞானஸ்நானத்துக்கு முன் இறந்த குழந்தைகளைக் கல்லறைத் தோட்டத்தில் புதைக்க அந்தக் காலத்தில் விடவில்லை. தாய்மார் இரகசியமாக இந்தக் கூரையடியில் புதைத்தார்கள். ஆலயத்தின்மேல் பட்டு விழும் மழையாவது ஞானஸ்நானமாகட்டும் என்று."

அந்தத் தண்ணீரைத்தான் நான் பறித்திருந்தேன்.

என் கணவர் சுஜீதனுக்கு ஃபோன் எடுத்தேன். "கழட்டிப்போட்டு நாளைக்குச் சுவர் இடிஞ்சால் உம்மட வேலையெல்லோ போகும்? பேசாமல் விட்டிட்டு வாரும்" என்றார். ஏலாது என்றேன். மழையில் ஏணி வைத்து என் கையாலேயே கழற்றினேன். கடையில் பால் வாங்கி, பிள்ளையைப் புதைத்த இடத்தில் நாம் ஊற்றுவதுபோல் சுவரடி நெடுக ஊற்றினேன். கூரைநீர் மண்ணில் விழ விழ, தட்டல்கள் ஒவ்வொன்றாய் அடங்கின.

ஒன்று மட்டும் அடங்கவில்லை.

தாய்மார்களே, அது யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆறு ஆண்டுகளுக்கு முன் என் மகள் இறந்தே பிறந்தாள். முப்பத்தோராம் நாள் பெயர் வைப்பது நம் வழக்கம். அந்த நாள் அவளுக்கு வரவில்லை. பெயரில்லாமலே புதைத்தோம், பெயரில்லாமலே மறக்கப் பார்த்தோம். பெயரில்லாப் பிள்ளை யார் வீட்டுக் கதவைத் தட்டும்? யார் வந்து திறப்பார்கள்? ஈரச் சுவரில் உள்ளங்கையை வைத்து அவளுக்கு ஒரு பெயரைச் சொன்னேன். தட்டல் நின்றது.

பீலி வேண்டாம், ஆண்டுதோறும் சுண்ணாம்பு பூசுங்கள் என்று அறிக்கை எழுதிவிட்டேன். அலுவலகம் விளக்கம் கேட்டிருக்கிறது. சொல்வேன், வெட்கப்படாமல் சொல்வேன். ஆனால் அந்தப் பெயரை மட்டும் அவளின் தகப்பனுக்கு இன்னும் சொல்லவில்லை. சொல்லப் பயமாக இருந்தது. அவர் அதோ, கடைசி வரிசையில் இருக்கிறார்.

பொறுமையோடு செவிமடுத்த அவைக்கு நன்றி கூறி விடைபெறுகிறேன். நான் நார்த்மீட் நிரூபா, தர்சினியின் தாய். வணக்கம்.