எதிர்த்தரப்புக்கு அரை மணி

வடகரப்பதிப் படிப்பகத்தில் நாற்காலிகளை வரிசை பிசகாமல் போடும் வழக்கத்தை ஏற்படுத்தியவன் நான்தான். உட்காருங்கள், ஐயா. ஐசும்மா அம்மையாரின் மனுவை விசாரிக்கப் பாலக்காட்டிலிருந்து வந்திருக்கிறீர்கள். அவருடைய கணவர் அலவி ராவுத்தர் நாடு திரும்பலாமா கூடாதா என்பது துரைசுவாமியாகிய என் பதிலைப் பொறுத்தது என்கிறீர்கள். மறைக்காமல் சொல்கிறேன். மறைப்பது என் பழக்கம் அன்று.

ராவுத்தர் இதே வீதியில் தேநீர்க் கடை வைத்திருந்தார். என் நண்பர். நாடு பிரியும் முன்பே பிழைப்புக்காகக் கராச்சி சென்று, அங்கே ஓர் ஓட்டலில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவர். நடுவே எல்லை விழுந்துவிட்டது. வேறு வழியின்றிப் பாகிஸ்தான் பாஸ்போர்ட் எடுத்து, பிறந்த ஊருக்கு விசா வாங்கிக்கொண்டு, ஐம்பத்து மூன்றில் வந்து சேர்ந்தார்.

எங்கள் இருவருக்கும் ஒத்துப்போன அரசியல் கருத்து ஒன்றுகூடக் கிடையாது. மொழிவாரியாக மாநிலங்களைப் பிரிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்திருந்த காலம். பாலக்காட்டின் கிழக்கோரம் சென்னை மாநிலத்திலேயே இருக்க வேண்டும் என்பது என் கட்சி; அதற்கென ஓர் இயக்கமும் நடத்தினேன். கேரளம் அமைந்தால் அதனோடு சேர்வதே பிழைப்புக்கு நல்லது என்பது அவர் கட்சி. இத்தகைய வாதம் கைகலப்பில் முடியக்கூடாது என்று நான் ஒரு விதி செய்தேன். மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை, ஒவ்வொருவரும் எதிர்த்தரப்புக்காக அரை மணி பேச வேண்டும். தன் கொள்கையைத் தொடக்கூடாது. மாற்றான் கொள்கையைத் தன் கொள்கைபோல் நிலைநாட்ட வேண்டும். பகைமையை வேரறுக்க இதைவிடப் பகுத்தறிவான வழியில்லை என்று துண்டறிக்கையும் அச்சிட்டேன். விதி ஊருக்கே தெரியும் என்பதால் நடவடிக்கைக் குறிப்பேட்டில் அதை எழுதி வைக்கவில்லை. பேசியவர் பெயரையும் பேச்சையும் மட்டும் எழுதுவேன்.

இரண்டு ஆண்டுகள் நன்றாக நடந்தது. நான் கேரளத்துக்காகப் பேசுவேன்; கூட்டம் மரியாதையாகக் கொட்டாவி விடும். ஐம்பத்தாறு மாசியில் ராவுத்தர் என் தரப்பைப் பேசினார். அடுக்குமொழி இல்லை. மேற்கோள் இல்லை. கோவைச் சந்தைக்கு மாடு ஓட்டிப் போகிறவன் நடுவழியில் நின்று தான் எந்த ஊர்க்காரன் என்று ஒருவனுக்கு நிரூபிக்க வேண்டி வந்தால் நெஞ்சு என்ன பாடுபடும் என்று, தான் பட்டதைக் கொண்டு சொன்னார். பிறகு, கடலைக்காட்டில் கூலி வேலை செய்யும் பெரியம்மாள் எழுந்தார்.

"ஏனுங்க தொரைசாமியண்ணா, இத்தன நாளா நீங்க பேசுனது ஒண்ணும் புரியலீங்க. ராவுத்தரு சொன்னப்பொறந்தான் உங்க கட்சி எனக்கு வெளங்குச்சுங்க."

"அப்ப அண்ணனோட நோட்டீசையும் ராவுத்தரே எழுதட்டுமுங்க," என்றான் வண்டிக்காரன் காளிச்சாமி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கருத்தை மதிப்பவன் சிரிப்பையும் மதிக்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும்.

சித்திரைக் கூட்டத்துக்கு, 'பாகிஸ்தான் பிரிந்தது நியாயமே' என்ற தலைப்பை ராவுத்தருக்குக் கொடுத்தேன். பிரிவினை தன் குடும்பத்தையே இரண்டாக அறுத்தது என்று நாள்தோறும் புலம்புகிறவருக்கு எதிர்த்தரப்பு வேறு எதுவாக இருக்க முடியும்?

"வேற தலைப்புக் குடுங்ண்ணா," என்றார். "இந்தியாக்காரனா என்னையச் சேத்துக்குங்கன்னு அபேட்சை மனுப் போட்டு, காயிதம் ஆபீசுல கெடக்குது. ஊட்டுல ஐசு வேற பயந்துக்கறா. கராச்சித் தண்ணி ஒத்துக்காம ஓடியாந்தவனுங்க நானு. அந்த ஊருக்கு நானே வக்காலத்தா?"

சுதந்திரமான மேடை எந்தத் தலைப்புக்கும் அஞ்சலாகாது என்று எடுத்துரைத்தேன். என் சொல்லைத் தட்டும் பழக்கம் அவருக்கு வாதத்தில்தான் உண்டு, நட்பில் இல்லை. ஒப்புக்கொண்டார். அரை மணி பேசினார். அதையும் நன்றாகவே பேசினார். ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டேன்.

வைகாசியில் விசாரணை அதிகாரி வந்தார். குடியுரிமை மனுவில் ராவுத்தர் தம் நன்னடத்தைக்குக் குறிப்பிட்டிருந்த ஒரே சாட்சி நான். பெரியம்மாளும் காளிச்சாமியும் வாசலில் நின்று ஏதோ சொல்ல முயன்றார்கள். மனுவில் அவர்கள் பெயர் இல்லாததால் உள்ளே அழைக்கப்படவில்லை. பாகிஸ்தான் பிரிந்தது நியாயம் என்று இவர் பொதுக்கூட்டத்தில் பேசியதாகத் தகவல் வந்திருக்கிறது, உண்மையா என்று அதிகாரி கேட்டார்.

"பேசினார். குறிப்பேட்டில் இருக்கிறது," என்றேன்.

ராவுத்தர் கலங்கவில்லை. புன்னகையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்ல வேண்டிய அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தார். பிறகு மெல்ல, "நம்ம கூட்டத்து வெதியச் சொல்லுங்ண்ணா," என்றார். குறுக்கே பேசக்கூடாது என்று அதிகாரி அவரை அடக்கினார். சொன்னாரா என்றுதான் என்னைக் கேட்டார்கள். ஏன் சொன்னார் என்று கேட்கவில்லை. கேளாத கேள்விக்குப் பதில் சொல்வது சபை நாகரிகம் அன்று.

ஆடியில் அவரைக் கராச்சிக்கே அனுப்பிவிட்டார்கள். கோவைப் பேருந்து ஏறுமுன் கைத்தறித் துண்டு அணிவித்துப் பிரிவுரை ஆற்றினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயத்துல மறந்துட்டீங்க. போனாப் போவுது. ஐசையும் புள்ளைகளையும் பாத்துக்குங்ண்ணா," என்றார். மறதி என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். நண்பர்மேல் கொண்ட நல்லெண்ணத்தை மறுப்பது அழகன்று என்பதால் நான் மறுக்கவில்லை.

அதிகாரிக்கு அந்தத் தகவல் எப்படிப் போனது என்று கேட்கிறீர்கள். குறிப்பேட்டிலிருந்து பிரதி எடுத்து அனுப்பியவன் நான். பெயர் போட்டுக்கொள்ளாதது தன்னடக்கம். தலைப்பை எப்போது தேர்ந்தேன் என்றும் கேட்கிறீர்கள். என்னைச் சாட்சியாகப் போட்டிருப்பதாக ராவுத்தர் வந்து மகிழ்ச்சியோடு சொன்னாரே, அதற்கு மறுநாள்.

கோபத்தால் செய்ததாக எழுதிவிடாதீர்கள். கோபம் பகுத்தறிவுக்குப் பகை. என் தரப்பை என்னைவிட நன்றாகச் சொல்லும் எதிரி ஒருவன் இருந்தால், அந்தத் தரப்புக்கு நான் எதற்கு என்று ஊர் எண்ணத் தொடங்கும். அது இயக்கத்துக்கு நல்லதன்று. இயக்கத்தின் நன்மையைத் தவிர நான் வேறொன்றையும் கருதவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சொற்கள் அலவியின் கருத்தல்ல. நான் பேச வைத்தவை. கையெழுத்தும் இடுகிறேன். அவர் திரும்பி வந்தால் வரவேற்புரையை நானே ஆற்றுவேன்.

இப்போது கடைசி ஞாயிறுகளில் எதிர்த்தரப்பையும் நானே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு ஆண்டுகளில் ஒருவர்கூட எழுந்து மறுத்ததில்லை. கருத்து வேற்றுமையை இவ்வளவு கண்ணியமாகத் தீர்த்துக்கொண்ட ஊர், எல்லைக்கு இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கமும் சரி, வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.