இருமுறை தட்டித் திறந்த கதவு

வேடசந்தூர் மில் பஸ்ஸில் இடம் கேட்டு ஏறிவந்து, முப்பத்தொரு ஆண்டுகள் எங்கள் ஆய்வகத்தை முதல் ஆளாகத் திறந்தவரே, கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் செவிலியே, பொறுமையும் கண்டிப்பும் ஒருங்கே அமைந்த சிவனம்மாள் அக்கா அவர்களே, உங்கள் பணி ஓய்வு நாளில் வணங்கி வாசிக்கிறோம்.

மனிதக் குடலிலிருந்து எடுத்த புற்றுச்செல்களை இங்கே ஃபிளாஸ்கில் வளர்க்கிறோம். உடம்பு பயந்தால் சுரக்கும் அட்ரினலினை அவற்றின் ஏற்பிகள் பிடித்துக்கொள்கின்றன. பிடித்ததும் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. அது ஏன் என்பதே எங்கள் ஆய்வு. அவற்றுக்கு உணவுத் திரவம் மாற்றியவை உங்கள் கைகள். செல்கள் வளரும் இன்குபேட்டரைத் திறக்குமுன் இருமுறை தட்டுவீர்கள். நாங்கள் சிரிப்போம். "உள்ள ஆளு இருக்காகல்ல" என்பீர்கள்.

பதினேழாம் ஃபிளாஸ்க், எங்கள் ஆய்வாளர் ராஜ்கமலின் மனைவி முனீஸ்வரியுடையது. அறுவையின்போது கட்டியை ஆய்வுக்குத் தர அவரே கையெழுத்திட்டார். அவர் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. செல்கள் இறக்கவில்லை.

மாசியில் நீங்கள் மூன்று நாள் விடுப்பில் இருந்தீர்கள். அந்த ஃபிளாஸ்கில் அட்ரினலின் சேர்க்கும் முறை ராஜ்கமலுக்கு வந்தது. அவர் சேர்க்கவில்லை, சேர்த்ததாக நோட்டில் எழுதினார். நீங்கள் திரும்பியபோது, அந்தச் செல்கள் மட்டும் அட்ரினலின் பெற்றவைபோல் பெருகியிருந்தன. அட்ரினலின் புட்டியோ பிரிக்காமலே இருந்தது.

"ஊத்துனியா அப்பு?"

"இல்லக்கா. அவ பயந்தது போதும்னு விட்டுட்டேன்."

"பெறகு எதைக் கண்டு பயந்துச்சு? கதவத் தட்டித் தொறந்தியா?"

ராஜ்கமல் தலையை ஆட்டினார். தட்டவில்லை.

நீங்கள் அவரைத் திட்டவில்லை. நோட்டை அவர் முன்னால் வைத்து, அவர் கையாலேயே திருத்த வைத்தீர்கள். ஒரு பொய் ஆய்வறிக்கைக்குள் போகாமல் தப்பியது. அவர் வேலையும் தப்பியது.

நீங்கள் போனபின் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் பதினேழாம் ஃபிளாஸ்கை அழித்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. மூன்று நாளைக்கு முன் இன்குபேட்டர் சாவியை ராஜ்கமலிடம் கொடுத்தீர்கள். "அய்யலூர் சந்தையில ஆடு பிடிச்சாக்கூட நேரத்துக்குத் தீனி போடணும். ஏலுமா உனக்கு?" என்றீர்கள். அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இன்று காலை அவர் எழுதியதை உங்கள் முன் வாசிக்கிறோம்:

'ஃபிளாஸ்க் 17. மூன்றாம் நாள். அட்ரினலின் சேர்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் கதவைத் தட்டி, நான்தான் என்றேன். செல்கள் பெருகவில்லை. உயிரோடு இருக்கின்றன.'

அக்கா, இனி உங்கள் வாசலில் நாங்களும் இருமுறை தட்டிவிட்டே வருவோம். நோயின்றி, அச்சமின்றி, நூறாண்டு உள்ளிருந்து குரல் கொடுங்கள்.

இங்ஙனம்,
செல் வளர்ப்பு ஆய்வகப் பணியாளர்கள்,
திண்டுக்கல்