தலையைப் பார்க்காமல் எழுதிய பெயர்

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, இதுவரை ஒருமுறைகூடக் கைக்கடிகாரத்தைப் பார்க்காத பெருமைக்குரிய தலைவர் அவர்களே! என் இடப்புறம் வீற்றிருக்கும் எங்கள் கடலுயிர்க் காட்சிக்கூடத்தின் மேலாளர் அவர்களே! கைக்குழந்தையோடும் கனிந்த முகத்தோடும் வந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசைப் பெரியோர்களே, பின்வரிசைப் பிள்ளைகளே! உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன். இதோ, மேசைமேல் கறுப்புத் துணிக்குள் ஒருவர் இருக்கிறார். அவருக்கும் என் வணக்கம்! அவர் இல்லையென்றால் இன்று இந்தக் கூட்டமே இல்லை.

நான் செய்வது பெயர் சொல்லும் வேலை. கடலிலிருந்து எது வந்தாலும் இன்னது என்று பார்த்து, சீட்டு எழுதி ஒட்டுவேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக இதுதான் என் பிழைப்பு. என் அறைச் சுவரில் நானே கொட்டை எழுத்தில் ஒரு வரி எழுதி ஒட்டியிருக்கிறேன்: "தலையைப் பார்க்காமல் பெயர் எழுதாதே!"

ஏன் அப்படி? கடற்புழுக்களின் உடம்பைப் பாருங்கள். வளையம் வளையமாக, வரிசை வரிசையாக, வாலைப் பார்த்தால் எல்லாம் அண்ணன் தம்பி! அதில் சாது எது, சண்டைக்காரன் எது? தலையைப் பார்த்தால்தான் தெரியும். எத்தனை உணர்கொம்பு, எப்படிப்பட்ட தாடை, அங்கேதான் இருக்கிறது அடையாளம். இந்த விதியை எழுதியவள் யார்? நான். மீறியவள் யார்? அதுவும் நானே! அதைச் சொல்லத்தான் இந்த மேடையைக் கேட்டு வாங்கினேன்.

எங்கள் பெரிய தொட்டியில் மீன்கள் காணாமல் போயின. முதலில் ஒரு வரி மீன் போனது. பிறகு நீல மீன் ஒன்று. நான்கு வாரத்தில் ஒன்பது! எலும்பு இல்லை, செதில் இல்லை, சுவடும் இல்லை. சாவி யாரிடம்? தொட்டி கழுவும் தோழரிடம். நாங்கள் எல்லோரும் அவரைத் தொட்டியண்ணன் என்போம். பிறகு கேட்க வேண்டுமா? எல்லார் கண்ணும் அவர் மேல்தான்.

மேலாளர் ஊழியர் அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்தி, அண்ணனைப் பார்த்துக் கேட்டார். "மீனெல்லாம் எங்கய்யா போகுது? நீந்திக்கிட்டே வாசலைத் தாண்டிப் போயிடுச்சா?" ஐயா, நான் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்துத்தான் சொல்கிறேன். தண்ணீர் குடியுங்கள்.

மறுநாள் அண்ணன் ஒரு குவளையோடு என் அறைக்கு வந்தார். உள்ளே விரல் நீளத்தில் ஒரு புழுத் துண்டு. பட்டுத்துணி மாதிரி பளபளப்பு.

"அக்கா, இது என்னன்னு பாருங்க. பாறைக்குள்ள என்னமோ இருக்கு. அதுதான் மீனை இழுக்குதுன்னு தோணுது."

"தலை எங்க?"

"பிடிச்சு இழுத்தேன்க்கா, அறுந்துடுச்சு. தலை உள்ள ஓடிடுச்சு."

அன்று என் மேசையில் நாற்பது சாடிகள் காத்துக்கிடந்தன. அவசரத்தில் அரை நிமிடம் பார்த்தேன். என்ன எழுதினேன் தெரியுமா? "சேறு தின்னும் புழு. தீங்கற்றது." அடியில் கையெழுத்து. அது போதாதென்று முத்திரை வேறு!

அந்தச் சீட்டு மேலாளரிடம் போனது. "புழு சேறு தின்னுதாம். அப்ப மீனைத் தின்னது யாரு?" வெள்ளிக்கிழமை, சாவியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டார்கள். செய்தி பள்ளிக்கூடம் வரை போயிற்று. அண்ணனின் மகளை, "மீன் திருடன் பொண்ணு" என்று அழைத்தார்கள். அந்தக் குழந்தை இரண்டு நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

அடுத்த வியாழக்கிழமை காலை அண்ணன் என் அறைக்கு வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. சுவரைக் காட்டினார். "அதைப் படிச்சுட்டுத்தானக்கா நான் உங்ககிட்ட வந்தேன்."

அப்போதே எழுந்தேன். மற்ற மீன்களை இடம் மாற்றினோம். பட்டப்பகலில் தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடி இருட்டாக்கினோம். செத்த மீன் ஒன்றை நூலில் கட்டிப் பாறையருகே தொங்கவிட்டுக் காத்திருந்தோம். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம்... எனக்குக் கை துறுதுறுத்தது. அண்ணன் தடுத்தார். "இழுக்காதீங்கக்கா. தலை தானா வரும்."

வந்தது! பாறை ஓட்டையிலிருந்து மெல்ல மெல்ல எழுந்தன உணர்கொம்புகள். எண்ணினேன், ஐந்து! கத்தரிக்கோல் விரிவது மாதிரி பக்கவாட்டில் விரிந்தன தாடைகள். கண் இமைக்கும் முன்னே மீனும் இல்லை, நூலும் இல்லை! சேறு தின்னும் சாதுவா இது? பதுங்கியிருந்து பாயும் வேட்டைக்காரன்! பின்னால் ஒரு தம்பி நீளம் கேட்கிறார். முழுசாக வெளியே வந்தபோது என் உயரத்தைத் தாண்டியது, தம்பி. என்னைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், நான் ஒன்றும் அவ்வளவு குள்ளம் இல்லை.

சாவி திரும்பக் கிடைத்தது. எப்படி? அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, "சரி சரி, போய் வேலையைப் பாருங்க" என்று கொடுத்தார்கள். நானும் என் அறைக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டேன். அண்ணன் பெருந்தன்மையாகச் சிரித்தார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

அறுந்த வால் அந்தப் புழுவுக்குத் திரும்ப வளர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு மனிதனின் நல்ல பெயர் அறுந்தால் தானாக வளருமா? பழி சொன்னது பலர் முன்னால். மன்னிப்பு மட்டும் மூடிய கதவுக்குள்ளா? புழுவுக்கு நான் எழுதிய பெயரும், அண்ணனுக்கு நாம் கொடுத்த பெயரும், இரண்டுமே தலையைப் பார்க்காமல் எழுதியவை அல்லவா? அண்ணா, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஊரார் முன்னால் கேட்கிறேன், என்னை மன்னித்துவிடுங்கள்.

மேலாளரும் எழுந்து நிற்கிறாரே! ஐயா, ஒலிவாங்கி வேண்டுமா? வேண்டாமாம். அண்ணனைப் பார்த்துக் கைகூப்புகிறார். அது போதும், ஐயா.

பாப்பா, நீ மேடைக்கு வாம்மா. பயப்படாதே, கண்ணாடிக்குள்தான் இருக்கிறது. துணியை எடு. புதுச் சீட்டில் மேல்வரியை நான் படிக்கிறேன்: "ஐந்து உணர்கொம்பு வேட்டைப்புழு." கீழ்வரியில், "அடையாளம் காட்டியவர்" என்று போட்டு, உன் அப்பா பெயரை எழுதியிருக்கிறேன். அதை நீதான் படிக்க வேண்டும்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லி, வணங்கி, என் குரலை நிறுத்துகிறேன். இனி இந்தக் குழந்தையின் குரல் கேட்கட்டும். படிம்மா. கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி, உரக்கப் படி!