வேலிக்கதவு திறந்திருக்கு

பொழுது சாயும் நேரம். ட்ரீனா ஆற்றை ஒட்டிய சரளைக்கல் பாதையில் ஆள் நடமாட்டமே இல்லை. ரெஜோ பாதிக் காப்பியை ஜன்னலில் வைத்துவிட்டு மாட்டைப் பிடித்துவரக் கிளம்பினான். உள்ளேயிருந்து ஷெஃப்கா கத்தினாள்.

"வர்றப்ப வேலிக்கதவைச் சாத்திட்டு வா."

"நீ கத்துற கத்துக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் செர்பியாக்காரனும் கதவைச் சாத்துவான்."

சிரித்துக்கொண்டே வளைவில் திரும்பினான். மாட்டின் கழுத்துமணி கேட்டது... பிறகு ஒரு லாரிச் சத்தம். மணி நின்றுவிட்டது.

கதை கேட்கிறவர்கள் கரண்டியை நிறுத்த வேண்டாம், பிளம் பாகு அடிப்பிடித்துவிடும். விடியும்வரை கிளற வேண்டும், கதை அதுவரை தாங்கும். ஷெஃப்கா யாரென்றால், நம் ஜேவாவின் அண்ணி. ரெஜோ ஜேவாவின் அண்ணன்.

போர்க்காலம் அது. அன்று ஷெஃப்கா ஓடிப்போய் வாதுமை மரத்தின் பின்னால் நின்றாள். துப்பாக்கிக்காரர்கள் ரெஜோவை லாரியில் ஏற்றினார்கள். ஏற்றியவர்களில் ஒருவன் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன். தெரிந்த முகம். அதற்குப் பிறகு ரெஜோவின் ஒரு எலும்புகூடக் கிடைக்கவில்லை.

போர் முடிந்தது. போரில் எரிந்த வீட்டுக்குக் கூரை போட்டுத் தனியாகக் குடிவந்தாள். வேலிக்கதவை மட்டும் அவள் சாத்துவதே இல்லை.

முதல் இலையுதிர்காலம். ஆற்றிலிருந்து பனிமூட்டம் ஏறிய ஒரு மாலை... நனைந்த கம்பளி வாசம். புகையிலை வாசம். பிறகு மணி.

"ஷெஃப்கா... வேலிக்கதவு திறந்திருக்கா?"

 அவள் வாய் தானாகச் சொன்னது. "திறந்துதான் இருக்கு. வா."

சரளைக்கல்லில் ரப்பர் பூட்ஸ்... சரக், சரக். வாதுமை மரம்வரை வந்து நின்றது. அடுத்த பனிக்குக் கிணற்றடிவரை. அவனிடம் கேட்க அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. உன்னை எங்கே போட்டார்கள்? தெரிந்தால் தோண்டி எடுத்து, தொழுகை வைத்து, ஒரு பிடி மண் போடலாம். பாதி வழியில் கேட்டால் போய்விடுவானோ என்று பயம். கதவருகே வரட்டும் என்று காத்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் போர்க்குற்ற நீதிமன்றத்திலிருந்து வந்தார்கள். பஸ் ஓட்டியவன் பிடிபட்டிருந்தான். சாட்சி சொல்ல வேண்டும், பெயர் வராது, முகம் தெரியாது, குரலையும் மாற்றிவிடுவோம், உங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்றார்கள். அவன் வாயாலாவது இடம் வெளிவரும் என்று ஷெஃப்கா போனாள். மங்கின வெளிச்சத்தில் எப்படி முகம் தெரிந்தது என்று அவனுடைய வக்கீல் திருப்பித் திருப்பிக் கேட்டார். அவனுக்குத் தண்டனை கிடைத்தது. இடத்தை அவன் சொல்லவே இல்லை.

ஜேவா வீட்டு டிவியில் அந்தச் சாட்சியம் ஓடியது. பீப்பாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு தடித்த குரல்.

"யாருடி இவ, ராத்திரியெல்லாம் சாராயம் குடிச்ச மாதிரி பேசுறா?" என்றாள் ஜேவா.

ஷெஃப்காவும் சேர்ந்து சிரித்தாள். சொல்லக் கூடாதே.

அந்த வருஷப் பனிக்கு ஜேவாவும் ஷெஃப்கா வீட்டில் இருந்தாள். கம்பளி வாசம் வந்தது. மணி கேட்டது. அண்ணன் குரல் அதே கேள்வியைக் கேட்டது. பக்கத்திலிருந்த ஷெஃப்கா தன் வழக்கமான குரலில், "திறந்துதான் இருக்கு, வா" என்றாள்.

வளைவில் அது எதிரொலித்தது... பீப்பாய்க் குரலில்.

ஜேவா மெல்லத் திரும்பி அண்ணியைப் பார்த்தாள். 

பூட்ஸ் சத்தம் நின்றுவிட்டது.

"யாரும்மா நீங்க? இந்த வீட்டு ஷெஃப்கா எங்க?"

நான்தான் என்று கத்தினாள். மாட்டின் பெயரைச் சொன்னாள். மூடிய கதவுக்குள் மட்டும் அவனைக் கூப்பிடும் பெயரையும் சொன்னாள். உன்னை எங்கே போட்டார்கள் என்று கடைசியில் கேட்டும்விட்டாள். எல்லாமே வளைவில் மோதி அந்தக் குரலில்தான் திரும்பி வந்தது.

 பிறகு மிக மெதுவாக...

"அவளையும் கொண்டுபோயிட்டாங்களா?"

சரக், சரக்... ஆற்றுப் பக்கமாகத் தேய்ந்து போனது.

மறுநாள் நீதிமன்றத்துக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் நல்ல பெண். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அம்மா, அதை மெஷின்லதான் மாத்தினோம். உங்க குரல் உங்ககிட்டதான் இருக்கு."

அடுத்த பனிக்கு ஜேவா கூப்பிட்டுப் பார்த்தாள். அது அவன் காதில் விழவே இல்லை. ஷெஃப்கா பதில் சொல்வதை விட்டுவிட்டாள். பனி ஏறினால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்திருப்பாள். வெளியே அவன் அவள் பெயரைச் சொல்லித் தேடிக்கொண்டு போவான்.

போன குளிர்காலத்தில் ஷெஃப்காவும் கண்ணை மூடிவிட்டாள். அதனால்தான் இதைச் சொல்ல முடிகிறது. வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆனால் இந்த இலையுதிர்காலத்தில் பனி ஏறியபோது, அந்த வழியாக வந்த ஜேவா மணியைக் கேட்டிருக்கிறாள். அவன் அதே கேள்வியைக் கேட்டானாம். ஆளில்லாத வீட்டுக்குள்ளிருந்து தடித்த பீப்பாய்க் குரல் ஒன்று, "திறந்துதான் இருக்கு, வா" என்றதாம்.

பூட்ஸ் சத்தம் கிணற்றடியில் நின்றுவிட்டதாம்.

வேலிக்கதவு இன்னும் திறந்துதான் கிடக்கிறது.